ம் கொட்டிய லேப்டாப்

என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் முதல் தடவையில் உண்மையைச் சொன்னதில்லை. "நான் ஒண்ணுமே பண்ணலீங்க, தானா நின்னுபோச்சு" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே காப்பி காய்ந்து கிடக்கும். சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துவதில் பாதி வேலை சந்தேகப்படுவதுதான். அந்தப் பாதி எனக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது. மீதியைத்தான் படித்துக் கற்றுக்கொண்டேன்.

தேவராஜ் ஐயா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். எழுபதை நெருங்கும் வயசு, சலவை வேட்டி, மார்புப் பையில் மாத்திரை அட்டை. கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம் அவருக்கு மிளகுத் தோட்டமும் ஒரு வீடும் இருக்கிறதாம். மனைவி பிரபாவதி மலையிலேயே டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் இருக்கும், டிவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். எண்பதுகளில் வசதியானவர்கள் வீட்டுக்கு வாங்கின ரகம். இப்போது டிவி போய்விட்டது. மிஷினில் வருகிற எழுத்து ஒரு லேப்டாப்பில் தெரியும்படி இரண்டையும் இணைத்துத் தர வேண்டும் என்றார்.

"புது டிவி வாங்கி மாட்டிக்கலாமேங்க?"

"மாட்டிப் பாத்தாச்சு கண்ணு. புள்ளி புள்ளியாத்தான் ஓடுது. லேப்டாப்புன்னா கையில தூக்கிட்டும் வந்தறலாம் பாரு."

"எங்கே தூக்கிட்டு வரணும்?"

அவர் மார்புப் பையைத் தொட்டுக் காட்டினார். "எனக்கு ஒருக்கா நெஞ்சுவலி வந்துருச்சு. இனிமே மலை மேல இருக்கப்படாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இங்க நமக்கு ஊடு இருக்குது. ஆனா அவ எறங்க மாட்டேங்கறா. அந்தப் பொட்டியை உட்டுப்போட்டு வர மாட்டாளாம். அவ இல்லாம நான் மட்டும் கீழ இருந்து என்ன பண்றது? நீ எப்படியாவது அதை லேப்டாப்புல கொண்டாந்து குடுத்துட்டீன்னா அவளைக் கீழ எறக்கிருவேன்."

"அதுல அப்படி என்னங்க இருக்குது?"

"பழைய புரோகிராம் ஒண்ணு. எம்பொண்ணு ராதிகா போட்டது," என்றார், என் மேஜையில் கிடந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்துக்கொண்டு. காப்பி கொட்டினவர்களும் இப்படித்தான் வேறெங்காவது பார்த்துக்கொண்டு சொல்வார்கள்.

ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மனைவியை விட்டு இறங்க மாட்டேன் என்கிற ஆளை நம் பக்கம் அடிக்கடி பார்க்க முடியாது. செல்போனில் மிஷினின் பின்பக்கப் படத்தைக் காட்டினார். ஐந்து ஓட்டை வைத்த வட்டச் சாக்கெட் ஒன்று இருந்தது. அதற்குப் பொருந்துகிற பின்னைத் தேடிப் பிடித்து, மறுமுனையில் லேப்டாப்பில் சொருகுகிற மாதிரி ஒயரைப் பற்றவைத்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

மார்கழியில் ஒருநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். காரவள்ளி தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் என் பக்கத்தில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மேலே வெயில் பளிச்சென்று இருந்தது. நிறுத்தத்தில் இறங்கி மண்பாதையில் நடந்தால், இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். பெருமாயி என்று பேர். அந்தத் தோட்டத்தில்தான் வேலை.

"டீச்சரம்மா ஊட்டுக்குங்களா? பொட்டியை ரிப்பேர் பண்ணவா?"

"ஆமாங்க. ராதிகா போட்ட புரோகிராமாமே. அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

பெருமாயி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்ககிட்டச் சொல்லலீங்களா?" என்றார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ராதிகாவுக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்து பேச்சு போய்விட்டது. காது நன்றாகக் கேட்கும். அவள் பேசுவதற்காகத்தான் அந்த மிஷினை வாங்கினார்கள். தட்டினால் டிவியில் எழுத்து வரும், அதுதான் அவள் பேச்சு. பதினாறு வயசில், பனிமூட்டத்தில் தோட்டத்துக்குள் போனவள் திரும்பவில்லை. முப்பது வருஷம் ஆகப்போகிறது. உடம்பும் கிடைக்கவில்லை.

"ஊரே தேடுச்சுங்க. டீச்சரம்மா கூப்பிட்ட சத்தம் எதுத்த மலைக்கே கேட்டுச்சு. அந்தப் புள்ளைக்கும் கேட்டிருக்கும். கேட்டு என்ன பண்றது, பதில் சொல்ல வாயில்லியே."

பெருமாயி ஏணிக்குத் திரும்பிவிட்டார். எனக்கு தேவராஜ் ஐயா மேல் கோபம் வந்தது. இதை மறைப்பானேன்? வேறு என்னவெல்லாம் மறைத்திருக்கிறார்?

வீட்டு வாசலில் நின்று "டீச்சர்!" என்று கூப்பிட்டேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே யாரோ நடக்கிறது தெரிந்தது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். நடக்கிற சத்தம் நின்றது, அப்போதும் பதில் இல்லை. எரிச்சலோடு மூன்றாம் தடவை கத்தினதும், "வாம்மா, வா வா" என்று ஒரு குரல் வந்தது.

அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கனமும் தெளிவும் சேர்ந்து, வகுப்பின் கடைசி பெஞ்சையும் எழுப்பிவிடும் குரல். குரலைக் கேட்டால் பெரிய உருவம் என்று தோன்றும். வந்தவரோ என் தோள் உயரம்தான் இருந்தார்.

"கூப்பிட்டதுமே வரலேன்னு நெனச்சுக்காத கண்ணு. இந்த ஊட்டுல மூணாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் சொல்றது," என்றார். எங்கள் பக்கத்திலும் அது உண்டு. காத்து கருப்பு ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்று தடவை கூப்பிட்டால் மனுஷன் என்பார்கள். ஆனால் ராத்திரிக்குத்தான் அந்தக் கணக்கெல்லாம். பட்டப்பகலில் பார்த்தது இங்கேதான்.

ராதிகாவின் அறை வீட்டின் பின்பக்கம், தோட்டச் சரிவைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது. அறையில் மிளகு காய்கிற வாசனை. மேஜையில் அந்த மிஷின். பழுப்பேறிய உடம்பு, ஆனால் விசைகளில் தூசி இல்லை. தினமும் யாரோ துடைக்கிறார்கள். பக்கத்தில் செத்துப்போன டிவி, ஒரு டேப் ரெக்கார்டர். அந்தக் காலத்தில் புரோகிராமை கேசட்டில்தான் பதிந்து வைப்பார்கள்.

ஒயரைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டும் ஒரே வேகத்தில் பேசினால்தான் ஒன்றுக்கு மற்றது புரியும். முதலில் கிறுக்கலாக ஏதேதோ வந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, பழசு போகிற வேகத்துக்குப் புதுசை இறக்கினேன். டீச்சரும் தேவராஜ் ஐயாவும் பின்னால் நின்று என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டேன்.

லேப்டாப் திரையில் எழுத்து எழுத்தாக வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ராதிகா அப்படித்தான் அடிப்பாளாம்.

"அம்மா."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும் கண்ணு. டிவியில வந்தாப்பலயே வருது. இது போதும் எனக்கு."

"அப்பறம் என்ன, கட்டி எடுத்துக்கலாம். நாளைக்கே கீழ போயறலாமா?" என்று தேவராஜ் ஐயா கேட்டார். டீச்சர் தலையாட்டினார். ஐயாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. அத்தோடு நான் கிளம்பியிருக்கலாம். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று டீச்சர் சமையல்கட்டுக்குப் போனார். அவர் பின்னாலேயே ஐயாவும் போனார்.

தனியாக உட்கார்ந்து ஒயர்களைச் சுருட்டும்போதுதான் எனக்கு உறுத்தியது.

அந்தக் கால மிஷினை அணைத்தால் அதற்குள் இருக்கிற எல்லாம் அழிந்துவிடும். திரும்பப் போட்டால் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். டேப் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தேன். கேசட் இல்லை. அதன் ஒயர் மிஷினில் சொருகவும் இல்லை.

அப்படியானால் அந்த "அம்மா" எங்கிருந்து வந்தது?

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவியைச் சமாதானப்படுத்த ஐயாவே ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பார். மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன், சுவரைத் தட்டினேன், மிஷினின் மூடியைக் கழற்றினேன். அந்தக் காலத்துச் சரக்கு மட்டும்தான் உள்ளே இருந்தது, புதிதாக ஒன்றும் ஒட்டவில்லை. மூடியை மாட்டி மறுபடி போட்டேன். மறுபடி "அம்மா". மறுபடி நின்றது.

ஒயரில் என்ன ஓடுகிறது என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. பார்த்தால், மிஷின் சொல்லி முடிக்கவே இல்லை. ஒரு வார்த்தையை அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி இணைப்பில் அது சகஜம். பதில் வந்தால்தான் அடுத்த வரியை விடும். டிவி என்பது வெறும் கண்ணாடி, அது பதில் சொல்லாது. அதனால்தான் இத்தனை வருஷமும் ஒரே வார்த்தையோடு நின்றிருக்கிறது.

ஐயா எதை மறைக்கிறார் என்பது அடுத்த வரியில் தெரிந்துவிடும். எனக்கு அது தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. லேப்டாப்பில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த வரி வந்தாலும் உடனே, முதல் தடவையிலேயே, "ம்" என்று திருப்பி அனுப்பும். கதை கேட்கிறவர்கள் ம் கொட்டுவார்களே, அந்த மாதிரி.

மிஷினைப் போட்டேன்.

"அம்மா."

லேப்டாப் சொன்னது: "ம்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மங்கியது. சரிவிலிருந்து பனி ஏறி வந்து மிளகு மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிகூட ஆகவில்லை.

"கேக்குதா," என்று வந்தது.

"ம்."

"பேசு."

"ம்."

"பேசு."

"ம்."

"பேசு." "ம்." "பேசு." "ம்." அது நிற்கவே இல்லை. திரை முழுக்க அந்த ஒரே வார்த்தை ஏறிக்கொண்டு போனது. ஈர மண் வாசனை அறைக்குள் வந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது.

பின்னால் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. டீச்சர் நின்றிருந்தார். காப்பி தரையில் ஓடியது.

"பதில் சொல்லிட்டியா கண்ணு?" என்றார் மெதுவாக.

"நான் இல்லீங்க டீச்சர். லேப்டாப்..." என்று ஆரம்பித்தேன். என் கடைக்கு வருகிறவர்கள் பேசுகிற மாதிரியே இருந்தது, நிறுத்திவிட்டேன்.

தேவராஜ் ஐயா வாசற்படியைப் பிடித்துக்கொண்டார். "முப்பது வருசமா, எப்பப் போட்டாலும் ஒருக்காத்தான் கூப்பிடுது அம்மிணி. ஒரே ஒருக்கா. மூணு தடவை கூப்பிட்டா அது எம்புள்ளைன்னு இவ காத்துக் கெடந்தா. கூப்பிடவே இல்ல. அதனாலதான் நாங்க வாயைத் தொறக்கல. உன்கிட்டச் சொன்னா வர மாட்டீன்னு சொல்லல." அவர் மிஷினைக் கைகாட்டினார். "ஒயரைப் புடுங்கு."

"இருங்க," என்றார் டீச்சர். என் கையைத் தள்ளிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ளை பேசச் சொல்லுது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அன்னைக்கே என் தொண்டை கிழிஞ்சுது, இன்னைக்கு அவளாக் கேக்கறா. நான் பேசாம இருப்பனா?"

அவர் பேசினார். ராதிகா கண்ணு என்று ஆரம்பித்து, தோட்டத்தில் எந்த மரம் விழுந்தது, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, பலாவில் இந்த வருஷம் காய் குறைவு, எல்லாம் சொன்னார். ஒரு அம்மா வெளியூரில் இருக்கும் மகளிடம் போனில் பேசுவது போலவே இருந்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரையில் பதில் வந்தது.

"அம்மா இன்னும் பேசு."

கீழே தட்டச்சு விசைகள் அசையவில்லை. மிஷினில் மைக் கிடையாது. லேப்டாப்பின் மைக்கை நான் அணைத்துவிட்டேன். அப்படியும் அவர் சொன்னதற்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் காதருகே குனிந்து, "ராதிகாவுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாச்சும் கேளுங்க டீச்சர்," என்றேன்.

டீச்சர் சிரித்தார். "நம்ம நாய்க்கு நீ என்ன பேரு வெச்சே, சொல்லு பாப்போம்?"

திரை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "பேசு" என்று மட்டும் வந்தது. டீச்சர் மறுபடி கேட்டார். மறுபடியும் "பேசு".

"மறந்துட்டாளாட்டம். சின்னப் புள்ளைதானே," என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். "கருப்பட்டின்னு வெச்சா. நல்ல கருப்பா இருக்கும் அது."

"கருப்பட்டி," என்று வந்தது திரையில்.

"பாத்தியா! பாத்தியா, எம்புள்ளை!" டீச்சர் கையைத் தட்டினார். நான் திரும்பி ஐயாவைப் பார்த்தேன். எது முன்னால், எது பின்னால் என்று அவரும் பார்த்திருந்தார். அவர் உதடு வெளுத்துப் போயிருந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. கேள்வியும் பதிலும் அவரே சொன்னார், திரை அதைத் திருப்பிச் சொன்னது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் குரல், வாசலில் என்னை வரவேற்ற அந்தக் கனமான குரல், இல்லை. கரகரப்பாக ஆரம்பித்து, கம்மி, காற்றாக வந்துகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு வாக்கியம் பேசும்போதும் திரையில் வருகிற வாக்கியம் நீண்டது. அவர் குரல் குறைந்துகொண்டே போனது.

"போதுங்க டீச்சர். நிறுத்துங்க."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

மிஷினுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. போட்டதும் பீப் என்று ஒரு சத்தம் போடும், அதற்கு வேறெதுவும் தெரியாது. அந்த ஸ்பீக்கர் இரும ஆரம்பித்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார்களே, அப்படி.

ஒரு தடவை செருமியது. பிறகு டீச்சர் செருமுகிற மாதிரியே இன்னொரு தடவை.

ஒயரைப் பிடுங்கினேன். ஐயா ஓடிப்போய் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டேன். அறை சத்தமில்லாமல் ஆயிற்று. டீச்சரின் வாய் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ கேட்டார். சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். காற்றுகூட வரவில்லை. முதலில் எங்களைப் பார்த்தார், பிறகு மிஷினைப் பார்த்தார், அப்புறம் குழந்தை மாதிரி ஐயாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே ஜீப் வைத்துக் கீழே இறங்கினோம். டீச்சர் ஒரு மறுப்பும் காட்டவில்லை. வீட்டைப் பூட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு பனி கூடவே வந்தது. டிரைவர் ஹாரனை விடவே இல்லை. காரவள்ளிக்கு வந்ததும் வெயில் அடித்தது, ரோட்டில் ராகி காயப்போட்டிருந்தார்கள்.

லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். அது போதாது என்று தோன்றி, பிறகு லேப்டாப்பையே உடைத்துப் போட்டேன்.

டாக்டர்கள் டீச்சரின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள். பொங்கல் கழிந்த பிறகு பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்களுடைய சேந்தமங்கலம் வீட்டுக்குப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. ஐயா என்னை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"கீழ எறக்கிட்டேன் கண்ணு. நெனச்சது நடந்துருச்சு," என்றார். சொன்ன விதம் சந்தோஷமாக இல்லை. "ஆனா ஆளு ஒரு தினுசா இருக்கறா. ரசத்துல கைப்பக்குவமே மாறிப்போச்சு. முன்னெல்லாம் இந்தப் பக்கமாத் திரும்பிப் படுப்பா, இப்ப செவுத்தைப் பாத்துப் படுக்கறா. மலையைப் பத்தி ஒரு சைகைகூட இல்ல."

"பேச்சு போனா யாருக்கும் அப்படித்தாங்க இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும், இல்ல?" என்று என் முகத்தையே பார்த்தார். நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். சொன்னேன்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் போன் அடித்தது. பெருமாயி. மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், அதனால் ஐயா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க ஐயா, டீச்சரம்மா எப்ப மேல வந்தாங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

"அவ இங்கதான் இருக்கறா பெருமாயி."

"இல்லீங்க, உள்ள பேசற சத்தம் கேக்குதுங்க. முந்தாநேத்துல இருந்து கேக்குது. யாருகூடவோ பேசிட்டே இருக்காங்க. ஆனா பூட்டு வெளிய தொங்குது. நான் ஜன்னலோரம்தான் நிக்கறேன், நீங்களே கேளுங்க."

போனில் காற்றுச் சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது.

கனமாக, தெளிவாக, ஒரு எழுத்துத் தேயாமல் வந்தது. பலா இந்த வருஷம் காய்ப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நடுவே நிறுத்தி யாருக்கோ நேரம் கொடுத்தது. பிறகு அந்த யாரோ சொன்னதைக் கேட்ட மாதிரி வாய்விட்டுச் சிரித்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்திய பெண்ணின் சிரிப்பு. கேட்டதும் ஐயாவின் முகம் இளகிவிட்டது.

என் பக்கத்தில் டீச்சர் எழுந்து நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தன் மார்பைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஐயா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அறிமுகமில்லாத ஒருத்தரைப் பார்க்கிற பார்வை அது.

"அவ அங்க இருக்கறா," என்றார். "அப்ப நாம கீழ எறக்கிட்டு வந்தது யாரை, கண்ணு?"

"ஐயா, இது டீச்சர்தாங்க. குரல் மட்டும்தான் அங்க..."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தேன். என் கையைப் பிடித்த கை சில்லென்று இருந்தது ஞாபகம் வந்தது. பனிக்காலத்தில் யார் கையும் சில்லென்றுதான் இருக்கும். இருந்தாலும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

அவர் அவசரமாகப் பேனாவைத் தேடி எடுத்தார். அன்றைய பேப்பரின் ஓரத்தில் எழுதி ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். நான்தாங்க. உங்க பிரபாதாங்க.

ஐயா அதைப் படித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எழுத்துல வர்றதை நம்பப்படாது. முப்பது வருசம் பாத்தாச்சு," என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த மலை வீட்டுச் சாவியை எடுத்தார். மாத்திரை அட்டை மேஜையிலேயே கிடந்தது. நான் குறுக்கே போய் நின்றேன். என்னை ஒரு கையால் விலக்கிவிட்டு செருப்பை மாட்டினார். அவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

டீச்சர் தெருவரைக்கும் ஓடினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகமாகப் போகிற அந்த முதுகைப் பார்த்து வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் "ஐயா! ஐயா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் கேட்க விரும்பியது என் குரலை அல்ல.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். போன் உள்ளே ஸ்டூலின் மேல் கிடந்தது. இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. பெருமாயியின் சத்தம் இல்லை, காற்றின் சத்தமும் நின்றுபோயிருந்தது. அந்தக் குரல் மட்டும் இப்போது மிக அருகே, போனை வாயருகே வைத்துப் பேசுவது போலக் கேட்டது.

"அவசரமில்லீங்க, மெதுவா வாங்க. தண்ணி காய வெச்சிருக்கேன்."